கொழுப்பிலிருந்து குருத்தெலும்புக்கு

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் செல் வளர்க்கும் வேலைக்குப் போனேன். அதற்கு முன்பு பல வருஷம் சிங்கப்பூரில் ஓர் உணவுத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். விடியும் முன் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பின் திரும்பி வரும் வாழ்க்கை. அந்தத் தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம் மாறியபோது அழ வேண்டியவள், வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். எழுந்த பிறகு வேலை தேடினேன். எல்லைக்கு இந்தப் பக்கம் தெப்ராவில், எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து சற்று தூரத்தில், டயர் கடைக்கும் ரொட்டித் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு சிறிய ஆய்வுக்கூடம் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது.

நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். தலையில் வெளிர்பச்சைத் துடோங். யோங் பெங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்துத் திரும்பியவர். என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார்.

"அக்கா, வீட்டுல செடி வளப்பீங்களா?"

"வளப்பேன் டாக்டர். செத்துப் போயிரும்."

அவர் சிரித்துவிட்டார். "பரவால்ல, செல்லும் சாகும். செத்தா என்ன செய்வீங்க?"

"ஏன் செத்துச்சுன்னு பாப்பேன்."

"திங்கக்கெழம வந்துருங்க லா."

அப்படித்தான் சேர்ந்தேன். அங்கே நாங்கள் செய்ய முயன்றது ஒன்றுதான்: ஸ்டெம் செல்லைக் குருத்தெலும்பாக மாற்றுவது. மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க நடுவில் வழவழப்பாக ஒன்று இருக்கிறதே, அதுதான் குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. ஒருமுறை தேய்ந்தால் உடம்பு அதைச் சரியாகத் திரும்பச் செய்து தருவதில்லை. அதனால் உலகமெங்கும் பலர் அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கிறார்கள். எங்களுக்கு செல்கள் வந்தது, அறுவை சிகிச்சையின்போது நோயாளிகள் சம்மதத்தோடு கொடுத்த கொழுப்பிலிருந்து. யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. குப்பியின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும்.

முதல் நாள் டாக்டர் என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீளநீளமாக, இரு முனையும் கூராக, மங்கலான உருவங்கள் தட்டின் அடியில் ஒட்டிக் கிடந்தன.

"இது என்ன டாக்டர்?"

"இன்னும் ஒண்ணும் ஆகல அக்கா. கொழுப்பாவும் ஆகலாம், எலும்பாவும் ஆகலாம், குருத்தெலும்பாவும் ஆகலாம். நாம என்ன குடுக்குறோம், எப்படி வெக்கிறோம்ங்கறதுலதான் இருக்கு."

கொடுக்க வேண்டியது வளர்ச்சிக் காரணி. அது ஒரு புரதம். நம் உடம்பிலேயே ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல அதைத்தான் அனுப்புகிறது. பல வகைகள் உண்டு. குருத்தெலும்புக்கு நாங்கள் பயன்படுத்தியது டிஜிஎஃப் பீட்டா என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும். பொடி என்று சொல்கிறேனே தவிர, கண்ணுக்குத் தெரிவது அரிது. குப்பி காலியாகத்தான் வந்திருக்கிறது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று முதல்முறை சொன்னவள் நான்.

காரணியைக் கொடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. தட்டில் பரந்து கிடக்கும் செல்லுக்கு அதைக் கொடுத்தால் சரியாக வராது. செல்களைத் திரட்டி, குழாயில் போட்டு, மெல்லச் சுழற்றி, அடியில் ஒன்றையொன்று தொட்டபடி குவிய வைக்க வேண்டும். கருவில் கை கால் முளைக்கும்போதும் செல்கள் முதலில் இப்படித்தான் கூடி நெருக்கிக்கொள்ளும், அதன்பிறகே அங்கே குருத்தெலும்பு தோன்றும் என்று டாக்டர் சொன்னார். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஸ்டியரிங்கில் இருந்த என் விரல் மூட்டுகளையே பார்த்துக்கொண்டு போய், சிவப்பு விளக்கில் பின்னால் வந்தவரிடம் ஹாரன் வாங்கினேன்.

வீட்டில் இதையெல்லாம் கேட்பதற்கு ஆவலாக ஓர் ஆள் இருந்தார். என் மாமியார். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாமானில் இருக்கும் தமிழ், மலாய், சீனப் பெண்களோடு சேர்ந்து வாரத்தில் பல காலை பாடாங் திடலில் வரிசை நடனம் ஆடுவார். முன் வரிசை அவருடையது. அந்த வருஷம்தான் அவருடைய வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, குதிக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வரிசையில் நிற்க முடியாமல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டு போடும் வேலையை எடுத்துக்கொண்டார். ஆனால் தப்பாக ஆடுபவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டுவதை நிறுத்தவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கேள்வி கேட்பார்.

"அந்த மருந்து செல்லுக்குள்ள போயி அத மாத்துதா?"

"உள்ள போகாது அத்த. செல்லுக்கு வெளிப்பக்கத்துல அதுக்குன்னே ஒரு எடம் இருக்கு. அதுல வந்து ஒக்காரும். ஒக்காந்த ஒடனே உள்ள இருக்கறதுங்க ஒண்ணு இன்னொண்ணுக்குச் சொல்லி, நடுவுல நியூக்ளியஸ் வரைக்கும் சேதி போயிரும்."

"நம்ம தாமான் மாதிரிதான்னு சொல்லு. முன்வீட்டுல யாராச்சும் வந்து ஒக்காந்தா கடேசி வீடு வரைக்கும் தெரிஞ்சிரும்."

என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். மாமியார் விடவில்லை.

"சேதி போனதும் அது என்னா செய்யும்?"

"குருத்தெலும்புக்கு வேண்டியத செய்ய ஆரம்பிக்கும். கொலாஜன்னு ஒரு நாரு. அப்புறம் தண்ணியப் புடிச்சி வெக்கிற ஒரு பொருளு. ரெண்டையும் தன்னச் சுத்தி வெளியில கொட்டிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணிதான் அத்த நீங்க குதிக்கும்போது தாங்குறது."

மறுநாளே இந்தச் செய்தி பாடாங்கில் பரவிவிட்டது. சனிக்கிழமை காலை நான் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது நடனக் குழுவில் பாதிப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு நேரெதிரே இருக்கும் அம்மா இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

"கொழுப்பு வேணுமாமே? எங்கிட்ட எவ்ளோ இருக்கு பாத்தியா? வேண்டியத எடுத்துக்க!"

"அவங்க ஒடம்புல இருக்கறதவிட வாயிலதான் அதிகம்," என்றார் என் மாமியார் நாற்காலியிலிருந்து. எல்லாரும் சிரித்த சிரிப்பில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

ஆய்வுக்கூடத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் ஒன்றும் சரியாக வரவில்லை. செல்களைக் குவித்து, காரணி கலந்த ஊட்டநீரை ஊற்றி, இன்குபேட்டரில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதியதை ஊற்றுவோம். மூன்று வாரம் இப்படிப் பார்க்க வேண்டும். எங்களுடையது முதல் வாரத்திலேயே சப்பையாகக் கிடக்கும். அடுத்த வாரம் ஓரம் பிய்ந்து, ஊட்டநீரை மாற்றும்போது தூளாக மிதக்கும். காரணியே கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில குழாய்களை வைத்திருப்போம். அவற்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியாது.

டாக்டர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். செல்லின் எண்ணிக்கையைக் கூட்டினார். சுழற்றும் வேகத்தைக் குறைத்தார். வேறு நோயாளியின் செல்லை எடுத்தார். ஆக்சிஜனைக் குறைத்தால் குருத்தெலும்புக்குப் பிடிக்கும் என்பதால் அதையும் செய்தார். தூள்தான் மிஞ்சியது. அவர் பசியாறாமலே வேலைக்கு வர ஆரம்பித்தார். நான் இட்லி கட்டிக்கொண்டு போய் மேஜையில் வைத்துவிட்டு, சாப்பிடும்வரை நகராமல் நிற்பேன்.

"அக்கா, செல்லுக்கு ஊட்டுறது பத்தாதுன்னு எனக்கும் ஊட்டுறீங்க."

"செல்லு சொன்ன பேச்சு கேக்கல. நீங்களாச்சும் கேளுங்க டாக்டர்."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் போன் அடித்தது. டாக்டர் யோங் பெங்கிலிருந்து பேசினார். பின்னால் ஒரே இரைச்சல். அவர் அப்பாவின் கடைக்குப் புது பிரிட்ஜ் வாங்கப் போயிருக்கிறார்.

"அக்கா! நம்ம காரணிய எங்க வெச்சிருக்கோம்?"

"சின்ன பிரிட்ஜோட மேல்பக்கம் டாக்டர். ஐஸ் வெக்கிற எடத்துல. பெரிய பிரீசர ரிப்பேருக்கு அனுப்புனதுலேர்ந்து அங்கதான் இருக்கு."

"அதுல ஐஸ் படியுமா?"

"படியவே படியாது. நல்ல பிரிட்ஜ்."

"அலமாக்!" என்று அவர் கத்தியது கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கும். "இங்க கடக்காரரு பெருமையா சொல்றாரு அக்கா. ஐஸே படியாதாம். ஏன்னா அது நேரம் பாத்து தானே கொஞ்சம் சூடாகி ஐஸ கரைச்சிருமாம்!"

எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். வளர்ச்சிக் காரணி உறைந்தால் உறைந்தபடி இருக்க வேண்டும். உறைவதும் உருகுவதும் மாறிமாறி நடந்தால் புரதத்தின் வடிவம் கெட்டுவிடும். வடிவம் கெட்டால் செல்லின் மேல் தனக்கான இடத்தில் அதனால் உட்கார முடியாது. சேதி போகாது. பாவம் அந்தச் செல்கள், மாதக்கணக்கில் ஒன்றும் காதில் விழாமல் காத்துக் கிடந்திருக்கின்றன.

"நாம குடுத்தது வெறும் தண்ணி டாக்டர்."

"வெல கூடுன தண்ணி அக்கா!"

இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மாதக்கணக்கில் வீணாய்ப் போனதே என்று அழத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெரிந்த சந்தோஷம் அப்படி இருந்தது. என் கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்.

பெரிய பிரீசர் ரிப்பேராகி வந்தது. புதுக் காரணி வந்தது. வந்த அன்றே டாக்டரும் நானும் அதைக் கரைத்து, துளித்துளியாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒரு குழாய் என்று உறைய வைத்தோம். எடுத்தது எடுத்ததுதான், மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது என்று பிரீசர் கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினோம். புதிய செல்களைக் குவித்தோம். அடுத்தடுத்து ஊட்டநீர் மாற்ற வேண்டிய நாட்களைப் பார்த்தபோது ஒன்று தீபாவளியன்று விழுந்தது.

"நோன்புப் பெருநாளுக்கு நீங்க வந்தீங்கல்ல? தீபாவளிக்கு நான்," என்றார் டாக்டர். நானும் நிம்மதியாகச் சிம்பாங் ரெங்கத்துக்குப் போனேன். அங்கே என் கணவரின் அண்ணன் வீட்டில்தான் எங்களுக்கு எப்போதும் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சேலை கட்டி, தோசைக்கும் ஆட்டுக்கறிக்கும் உட்காரப் போகும்போது போன் வந்தது.

"அக்கா, தீபாவளி வாழ்த்து. ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்கதானே?" டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. பின்னால் குழந்தை அழுதது. "பையனுக்குக் காய்ச்சல். என்னைய விட்டு எறங்க மாட்டேங்கிறான். ஒரு நாள் தள்ளிப் போட்டா செல்லு சாகாது. நாளைக்குப் பாத்துக்கலாம் அக்கா, நீங்க வர வேணாம்."

சாகாதுதான். ஆனால் போன தடவை ஊற்றிய காரணி இந்நேரம் தீர்ந்திருக்கும். இத்தனை மாதத்துக்குப் பிறகு ஒழுங்காகச் செய்யும் முதல் தடவை இது. மறுபடி தூளானால், அந்த ஒரு நாளால்தானோ என்று இருவருமே நினைப்போம்.

"நான் போறேன் டாக்டர். நீங்க பையனப் பாருங்க."

கணவர் காடிச் சாவியை எடுத்தார். கைகழுவிக்கொண்டிருந்த மாமியார் திரும்பினார்.

"நானும் வர்றேன்."

"அத்த, ஒரு மணி நேர ஓட்டம். நீங்க சாப்புட்டு இருங்க."

"தீபாவளிக்கு வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் சோறு போட்டாச்சு. அங்க இருக்கற பிள்ளைங்க மட்டும் பட்டினி கெடக்குமா? வா, போலாம்."

முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு காடியின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குப் போகும் காடிகளெல்லாம் முந்தின நாளே போய்விட்டதால் நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. இருபுறமும் செம்பனை. மாமியார் வழியெல்லாம் பழைய நடனப் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். ஆய்வுக்கூட வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா எங்களைப் பார்த்துத் திகைத்தார். பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாய் யாரும் அங்கே வேலைக்கு வந்ததில்லை. மாமியார் அவர் கையில் முறுக்கைக் கொடுத்து மலாயில் பேச ஆரம்பித்தார். நான் உள்ளே ஓடினேன்.

பூவை எடுத்து வைத்தேன். சேலையை மாற்றி, எப்போதும் லாக்கரில் இருக்கும் உடையைப் போட்டு, கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, உறைந்திருந்த காரணியில் ஒரு குழாயை எடுத்துக் கரைத்து ஊட்டநீரில் கலந்தேன். பிறகு இன்குபேட்டரைத் திறந்தேன்.

முதல் குழாயை வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சப்பையாக ஒன்றும் இல்லை. ஓர் உருண்டை இருந்தது. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளை வெளேரென்று, ஈரப் பளபளப்போடு இருந்தது. விரலால் குழாயை மெல்லத் தட்டினேன். உருண்டை எழும்பி, சுழன்று, மறுபடி அடியில் போய் உட்கார்ந்தது. ஓரம் பிய்யவில்லை. இன்னொரு குழாயை எடுத்தேன். அதிலும் அப்படியே. அடுத்ததிலும் அப்படியே. காரணி கொடுக்காத குழாய்களை எடுத்தேன். அவற்றில் மட்டும் பழைய சப்பை, பிய்ந்த ஓரம்.

கத்தக்கூடாத இடம் அது. கத்திவிட்டேன். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் வந்து நின்ற மாமியார் என்ன ஆச்சு என்று கையை ஆட்டினார். முகக்கவசத்துக்குள்ளிருந்தே சொன்னேன்.

"உருண்டுருச்சி அத்த!"

அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அந்தப் பக்கம் கையைத் தட்டினார்.

எல்லாக் குழாய்களுக்கும் ஊட்டநீர் மாற்றி, கதவை மூடி, கை கழுவிய பிறகுதான் டாக்டரை வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். தோளில் தூங்கும் குழந்தையோடு நின்ற டாக்டர் சத்தம் போடாமல் வாயை மட்டும் திறந்தார். பிறகு துடோங்கின் முனையால் கண்ணைத் துடைத்தார்.

"தட்டிப் பாத்தீங்களா அக்கா? எழும்புதா?"

"எழும்புது டாக்டர். கல்லு மாதிரி ஒக்காருது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். மாமியார் தலையை உள்ளே நீட்டி, "பையனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. அதற்கும் கை தட்டினார். சிம்பாங் ரெங்கத்துக்குத் திரும்பும் வழியில் மூன்று பேரும் முறுக்கு டின்னைக் காலி செய்துவிட்டோம். போய்ச் சேர்ந்தபோது ஆட்டுக்கறி ஆறியிருந்தது. அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

உருண்டையானதாலேயே அது குருத்தெலும்பு ஆகிவிடாது. மூன்று வாரமும் முடிந்த பிறகு, உருண்டைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்ற வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைக்கிற அந்தப் பொருள் இருந்தால் நீலச் சாயம் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். அன்று டாக்டர் சாயத்தைக் கழுவ, நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் ஓட ஓட நீலம் வடிந்தது. பிறகு வடிவது நின்றது. கண்ணாடித் துண்டின் நடுவில் வட்டமாக நீலம் தங்கிவிட்டது.

மைக்ரோஸ்கோப்பில் டாக்டர் முதலில் பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு இடம் விட்டார். ஆழ்ந்த நீலத்தின் நடுவே, ஒவ்வொன்றும் தன் சின்னக் குழிக்குள், வட்டவட்டமான செல்கள். நீளமாய்க் கூராய்க் கிடந்தவை எதுவும் அங்கே இல்லை. தாங்களே சுரந்து கட்டிய இடத்துக்குள் அவை குடியிருந்தன.

"என்ன சொல்றீங்க அக்கா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டைப் பார்க்க வெளியாட்களுக்குத் தடையில்லை. மறுநாள் மாமியாரை அழைத்து வரச் சொன்னார் டாக்டர். மாமியார் பாடாங்குக்குப் போடும் காலணியோடே வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. வானத்துல நட்சத்திரம் போட்ட மாதிரி. இதத்தான் முட்டியில வெப்பீங்களா?"

டாக்டர் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப வெக்க முடியாதும்மா. இது ரொம்பச் சின்னது. பலமா இருக்கணும், பத்திரமான்னு பாக்கணும், விட்டா எலும்பா மாறிரும், அத நிறுத்தணும். இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கு. பொய் சொல்ல எனக்குப் புடிக்கல."

"பொய் சொன்னா நானே கண்டுபுடிச்சிருவேன்," என்றார் மாமியார். பிறகு டாக்டரின் கன்னத்தைத் தட்டினார். "எனக்கு வரலன்னா பரவால்ல மா. யாருக்காச்சும் வரும்ல? இத்தன நாளா சொன்ன பேச்சக் கேக்காத செல்லு இன்னைக்குக் கேட்டிருக்கு. அதுக்கு முதல்ல ஏதாச்சும் சாப்புடுவோம்."

டாக்டர் எங்களை யோங் பெங்கில் தன் அப்பாவின் கடைக்கே அழைத்துப் போனார். ரொட்டி சானாய், மீன் கறி, தே தாரிக். மேஜையில் இடமே இல்லை. அவர் அப்பா வந்து, மகள் இத்தனை வருஷம் என்னதான் செய்கிறாள் என்று எங்களிடமே கேட்டார். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் ஆரம்பித்துவிட்டார். செல், அதன் வெளிப்பக்கத்தில் வந்து உட்காரும் காரணி, நடுவரை போகும் சேதி, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் என்று வரிசை தப்பாமல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பக்கத்து மேஜையில் இருந்தவர்களும் திரும்பிக் கேட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தே தாரிக்கைக் குடித்தேன்.

மாமியார் இப்போது உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகிறார். தொடைத்தசை பலப்பட்டதில் வலி குறைந்திருக்கிறது. குதிக்காமல் ஆடும் மெதுவான நடனம் ஒன்றைத் தாமான் பெண்களுக்காக அவரே அமைத்திருக்கிறார். முட்டி வலிக்காரர்கள் பலர் அதற்காகவே வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அடுத்த கேள்வியைத் தொடங்கிவிட்டோம். காரணியை எந்த நாளில் நிறுத்தினால் செல்கள் எலும்பாகிவிடாமல் குருத்தெலும்பாகவே நிற்கும் என்று பார்க்க வேண்டும். நேற்றுப் புதிய செல்களைக் குவித்து வைத்தோம். இன்று காலை போனதும் கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் அவற்றைத்தான் போய்ப் பார்த்தேன்.